ஒரே குதிரை, ஏழெட்டு வேஷம்: ப்ரெயர் அராபியக் குடும்பத்தைச் சேர்க்க ஆரம்பிப்பவர்களுக்கு

கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார். கராஜ் சேலில், அதாவது வீட்டு வாசலில் நடக்கும் பழைய சாமான் விற்பனையில், நான்கு டாலருக்கு ஒரு பிளாஸ்டிக் குதிரை வாங்கியிருக்கிறார். பொன்னிற உடம்பு, வெள்ளைப் பிடரி, ஏறக்குறைய ஒன்பது அங்குல உயரம், பின்னங்காலின் உட்புறம் வட்டமாக ஒரு முத்திரை. பதினொரு வயது மகள் இணையத்தில் தேடிப் பார்த்து, இதே குதிரை வெள்ளையிலும் கருப்பிலும் புள்ளி போட்டும் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். எல்லாம் வேண்டும் என்கிறாளாம். "ஒரே பொம்மை ஓரிடத்தில் 10 டாலர், இன்னோரிடத்தில் 200 டாலர் என்கிறார்கள். எது அசல், எத்தனை வகை வந்திருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?" இதுதான் கேள்வி.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உங்களிடம் இருப்பது ப்ரெயர் என்ற அமெரிக்கப் பொம்மைக் குதிரைக் கம்பெனியின் 'ஃபேமிலி அராபியன் ஸ்டாலியன்', அதாவது அராபியக் குடும்பத்தின் ஆண் குதிரை. பொன்னிற உடம்பும் வெள்ளைப் பிடரியும் கொண்ட பாலோமினோ நிறம், கேட்டலாக் எண் 4. அசல்தான். பெரிய புதையல் இல்லை, ஆனால் நான்கு டாலருக்கு நல்ல வேட்டை. என் மகளுக்காக நான் முதலில் வாங்கியதும் இதே பாலோமினோதான். அவள் கல்லூரிக்குப் போய்விட்டாள், குதிரைகள் என்னிடமே தங்கிவிட்டன. வீட்டில் அந்த அறைக்கு 'லாயம்' என்றே பெயர்.

சேகரிப்பவர்கள் இரண்டு சொற்களைச் சதா சொல்வார்கள், அவற்றை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மோல்ட் என்பது அச்சு, அதாவது குதிரையின் உருவம். ரிலீஸ் என்பது அந்த அச்சில் ஒரு குறிப்பிட்ட நிறத்தில், குறிப்பிட்ட காலத்தில் கடைக்கு வந்த சரக்கு. ஒரு மோல்டை எஃகிலோ வேறு உலோகத்திலோ வெட்டி எடுக்க ஏகப்பட்ட பணம் ஆகும். அதனால் போட்ட முதலை எடுக்க, கம்பெனி அதே அச்சுக்கு வருஷா வருஷம் வேறு சாயம் பூசி வேறு பெயர் வைத்து விற்கும். ஒரே மோல்டின் எல்லா ரிலீஸையும் வரிசையாக நிறுத்துவதை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் 'காங்கா' என்பார்கள். ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி ஆடும் நடனத்தின் பெயர் அது. உங்கள் மகள் கேட்பது ஒரு காங்கா.

சுருக்கமாக வரலாறு. ப்ரெயர் சிகாகோவில் 1943-இல் தொடங்கிய பிளாஸ்டிக் வார்ப்புக் கம்பெனி. குதிரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. 1950-இல் மாஸ்டர்கிராஃப்டர்ஸ் என்ற கடிகாரக் கம்பெனிக்காக, கடிகாரத்தின் பக்கத்தில் நிற்க ஒரு குதிரை செய்து கொடுத்தார்கள். அந்தக் குதிரையைத் தனியாகவே கேட்டு ஆள் வர ஆரம்பித்ததும் தொழிலே திசை மாறிவிட்டது. அப்புறம் பல பத்தாண்டுகள் அநேக மோல்டுகளை கிறிஸ் ஹெஸ் என்ற ஒரே சிற்பிதான் செய்தார். 1984-இல் ரீவ்ஸ் இன்டர்நேஷனல் வாங்கியது, நிர்வாகம் நியூஜெர்சிக்கு வந்தது, பிறகு உற்பத்தி சீனாவுக்குப் போனது.

உங்கள் அராபியக் குடும்பம் பிறந்த கதை கொஞ்சம் சுவாரசியமானது. 1950களின் நடுவில் ப்ரெயர் ஓர் அராபியப் பெண் குதிரையும் குட்டியும் விற்றது. கலிபோர்னியாவில் ஹேகன்-ரெனேக்கர் என்று ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனி. அங்கே மோரீன் லவ் என்ற அபாரமான சிற்பி வடித்த குதிரையை ப்ரெயர் அப்படியே உரித்து வைத்திருந்தது. ஹேகன்-ரெனேக்கர்காரர்கள் சும்மா விடுவார்களா? ப்ரெயர் அந்த மோல்டைப் பின்வாங்கியது. காலியான இடத்தை நிரப்ப 1959 வாக்கில் வந்தவைதான் இந்தக் குடும்பத்தின் ஆண், பெண், குட்டி மூன்றும். 1970களில் அதே இரண்டு கம்பெனிகளும் சமாதானமாகி, ஹேகன்-ரெனேக்கரின் வடிவங்களை ப்ரெயர் முறைப்படி குத்தகைக்கு எடுத்தது வேறு கதை. பழைய அராபியப் பெண் குதிரையும் 'ப்ரௌட் அராபியன் மேர்' என்ற பெயரில் திரும்பி வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும்: அழகில் ஃபேமிலி அராபியன் இரண்டாம் வரிசைதான். கால் கொஞ்சம் குச்சி, முகம் கொஞ்சம் பொம்மைத்தனம். ஆனாலும் புதிதாகச் சேர்ப்பவருக்கு இதைவிட நல்ல மோல்ட் இல்லை என்பேன். லட்சணமாகப் பல நிறங்களில் வந்தது, ஏராளமாக விற்றது, இன்றும் பழைய சாமான் கடைகளில் கிடைக்கிறது.

இப்போது நிறங்கள். பாலோமினோ குடும்பம் எண் 4, 5, 6: ஆண், பெண், குட்டி. அலபாஸ்டர் என்ற வெள்ளை, சாம்பல் பிடரியோடு, 7, 8, 9. கேட்டலாக்கில் இவர்கள் பெயர் பிரின்ஸ், பிரைட், ஜாய். பே எனப்படும் செம்பழுப்பு உடம்பும் கருப்புப் பிடரியும் 13, 14, 15. இவர்கள் ஷேக், ஷீபா, ஷா. சாம்பல் அப்பலூசா, உடம்பெல்லாம் புள்ளி, முகம் வெள்ளை, 37, 38, 39. பெயர் ஃப்ளெக், ஸ்பெக், ஸ்பாட். அப்புறம் சார்கோல். கரிய உடம்பு, வெள்ளைப் பிடரி, வெள்ளை வால், வெள்ளை முகம். இயற்கையில் இப்படி ஒரு குதிரையை நான் பார்த்ததில்லை, ஆனால் அலமாரியில் எல்லோர் கண்ணும் முதலில் போவது அதன் மேல்தான். கடைசியாக வுட்கிரெய்ன், 907, 908, 909. பழுப்பில் மர ரேகை மாதிரி கோடு கோடாக இழுத்து, செதுக்கிய மரச் சிற்பம் போலத் தோன்றச் செய்தது. குழந்தைகளுக்கு இல்லை, வரவேற்பறைக்கு. எண்ணைக் கவனியுங்கள்: வெள்ளையின் எண்ணோடு 900-ஐக் கூட்டியிருக்கிறார்கள். ப்ரெயர் எண்களில் இப்படி ஒரு கணக்கு அடிக்கடி ஒளிந்திருக்கும்.

மொத்தம் ஆறு வகைதானே, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல். 1960களின் நடுப்பகுதி வரை ப்ரெயர் குதிரைகளில் பெரும்பாலானவை கிளாஸி, அதாவது பளபளப்புப் பூச்சு. அதற்குப் பிறகு மேட், பளபளப்பில்லாத பூச்சு. பாலோமினோ கிளாஸியிலும் எண் 4, மேட்டிலும் எண் 4. எண் ஒன்று, பொருள் இரண்டு. அப்பலூசா மேட் காலம் வருவதற்குள் நின்றுவிட்டதால் அது கிளாஸி மட்டும். வெள்ளையும் சார்கோலும் இரண்டு பூச்சிலும் வந்து 1970களின் முற்பகுதியோடு முடிந்தன. பாலோமினோவும் பே-யும் மேட்டில் 1980கள் வரை ஓடின. விலை வித்தியாசத்தின் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான். இருபது வருஷம் விற்ற மேட் பாலோமினோ ஊரெல்லாம் கிடக்கிறது, அதனால் மலிவு. சில வருஷமே விற்ற அப்பலூசாவும் வுட்கிரெய்னும் அரிது, அதனால் காசு. வயதுக்கும் விலைக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. 'ஐம்பது வருஷப் பழசு' என்று யாராவது விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

உங்கள் குதிரை கிளாஸியா மேட்டா என்று படத்தில் எனக்குத் தெரியவில்லை, ஃப்ளாஷ் அடித்திருக்கிறது. ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பாருங்கள். கிளாஸி என்றால் முதுகில் ஜன்னல் கம்பியின் பிம்பம் கோடாகத் தெரியும். மேட் என்றால் வெறும் வெளிச்சத் திட்டுதான். அடுத்து கண். மேட் குதிரைகளுக்குப் பெரும்பாலும் கண் ஒரே கருப்புப் பொட்டு. பழைய கிளாஸி சிலவற்றில் கண்ணின் ஓரத்தில் மயிரிழை மாதிரி வெள்ளைத் தீற்றல் இருக்கும். சிகாகோ தொழிற்சாலையில் யாரோ ஒரு பெண்மணியோ ஆணோ மெல்லிய தூரிகையால் கையால் போட்டது. என்னிடம் உள்ள ஒன்றில் இடக்கண்ணில் அந்த வெள்ளை உண்டு, வலக்கண்ணில் இல்லை. நடுவில் டீ குடிக்கப் போனார்களோ என்னவோ.

அந்தக் கைவேலைதான் இந்தப் பைத்தியத்துக்கே அடிப்படை. செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, குதிரையை இரண்டு பாதியாக வார்த்து, ஒட்டி, ஒட்டிய தடத்தைத் தேய்த்து மழுப்பி, பிறகு ஸ்ப்ரே செய்வார்கள். வெள்ளை முகம், வெள்ளைக் கால் வேண்டிய இடத்தில் ஒரு மறைப்பை வைத்துச் சாயம் அடிப்பார்கள். மறைப்பு கொஞ்சம் நகர்ந்தால் முகத்து வெள்ளை கண்ணைத் தாண்டும். ஸ்ப்ரே அடிப்பவர் கை கனத்தால் பொன்னிறம் ஆரஞ்சாகும். ஆக, ஒரே ரிலீஸுக்குள்ளேயே நூறு சாயல். இவற்றை 'வேரியேஷன்' என்பார்கள். உங்கள் மகளோடு முதல் நாளே பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது: எது 'வேறு' என்று கணக்கு? நிறம் மாறினால் மட்டுமா, பூச்சு மாறினாலுமா, சாயல் மாறினாலுமா? நான் நிறமும் பூச்சும் மட்டும் என்று கோடு போட்டேன். அப்படியும் பாலோமினோ ஐந்து இருக்கிறது. ஏன் என்று கேட்காதீர்கள்.

முத்திரையைப் பற்றிப் பலரும் ஏமாறுகிறார்கள். வட்டமான 'ப்ரெயர் மோல்டிங் கம்பெனி' முத்திரை 1960 வாக்கில் வந்தது. அதற்கு முந்திய குதிரைகளில் முத்திரையே இருக்காது. ஆகவே முத்திரை இல்லாவிட்டால் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1970 வாக்கில் 'யு.எஸ்.ஏ' என்ற எழுத்துகள் சேர்ந்தன. 1970களின் கடைசியில் சில மோல்டுகளில் 'பி' என்ற ஓர் எழுத்து சிறிது காலம் இருந்தது. முத்திரை அச்சில் வெட்டப்பட்டது, நிறத்தோடு அதற்கு உறவு இல்லை. அதனால் அது சொல்வது 'இதற்கு முன்னால் செய்திருக்க முடியாது' என்பதை மட்டும். யு.எஸ்.ஏ இருந்தால் 1970-ஐ ஒட்டியோ பிறகோ வந்தது. எத்தனை வருஷம் பிறகு என்பதை நிறமும் பூச்சும்தான் சொல்ல வேண்டும். குதிரையைத் திருப்பிப் பார்த்து யு.எஸ்.ஏ இருக்கிறதா என்று சொல்லுங்கள், உங்களுடையதன் வயதைக் கொஞ்சம் நெருக்கிவிடலாம். 'மேட் இன் ஹாங்காங்' என்று இருந்தால் மட்டும் அது காப்பி. எடை போட்டாலே தெரிந்துவிடும், கையில் காற்று மாதிரி இருக்கும்.

சாக்கி என்ற சொல்லும் காதில் விழும். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது நல்ல வெள்ளைப் பிளாஸ்டிக் கிடைப்பது குதிரைக்கொம்பானது. கிடைத்த நிறப் பிளாஸ்டிக்கில் வார்த்து, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு பூச்சுக் கொடுத்து, அதன் மேல் வழக்கமான நிறத்தைப் போட்டார்கள். காது நுனியோ குளம்பு விளிம்போ உரசிப் போயிருந்தால் உள்ளே பழுப்போ ஊதாவோ எட்டிப் பார்க்கும். பஞ்ச காலத்தில் பிறந்த பிள்ளைக்கு இன்று தனி மவுசு. அன்று கம்பெனி வெட்கப்பட்ட சரக்கு.

அன்று விற்காத சரக்குக்கு இன்னொரு உதாரணம், 1960களின் முற்பகுதியில் வந்த 'டெக்கரேட்டர்' நிறங்கள். நீலக் குதிரை, தங்கக் குதிரை. ஃபைட்டிங் ஸ்டாலியன், ரன்னிங் மேர் போன்ற மோல்டுகளில் போட்டார்கள். குழந்தைகளுக்கு நீலக் குதிரை பிடிக்கவில்லை, கடையில் தேங்கியது. அதனால்தான் இன்று கைக்கு எட்டாத விலை. உங்கள் மகளிடம் இப்போதைக்குக் காட்டாதீர்கள்.

என் இரண்டு முட்டாள்தனங்களைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குக் காசு மிச்சம். முதலாவது, ஒரு பே குதிரையின் வயிற்றில் பழைய விலைச் சீட்டின் பிசின் ஒட்டியிருந்தது. நகப் பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன். சாயத்தோடு சேர்ந்து பிளாஸ்டிக்கே கூழாகி, பஞ்சின் நூல்கள் குதிரையின் வயிற்றில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டன. அதிலுள்ள அசிடோன் இந்தப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பழைய மென்மையான டூத்பிரஷ், இவ்வளவுதான் வேண்டும். கறை நீக்கும் வெள்ளைப் பஞ்சுக் கட்டியும் கூடாது, அது மேட் பூச்சை அரம் போல அராவிவிடும்.

இரண்டாவது, இணையத்தில் ஒருவரிடம் 'கிளாஸி சார்கோல்' வாங்கினேன். பார்சலைப் பிரித்ததும் நன்றாகத்தான் மின்னியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது காதின் குழியில் பளபளப்பு தேன் மாதிரி தேங்கி நின்றது. தோளில் ஒரு கீறல், அந்தக் கீறலுக்கு மேலும் பளபளப்பு. அதாவது அடிபட்ட பிறகு யாரோ மேட் குதிரைக்கு வீட்டில் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதை. தொழிற்சாலைப் பூச்சில் கீறல் பளபளப்பை வெட்டிக்கொண்டு போகும், அதற்கு அடியில் ஒளிந்திருக்காது. வாங்குவதற்கு முன் காது, வயிற்றின் அடி, குளம்பின் அடி, ஒட்டிய தடம், கால்களின் பின்புறம் எல்லாவற்றுக்கும் படம் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள். சேகரிப்பவர் யாரும் இதைத் தவறாக நினைக்க மாட்டார். ஜாடைமாடையாகப் பதில் சொன்னால் விட்டுவிடுங்கள்.

நீங்கள் டெக்சாஸில் இருப்பதால் வெயிலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பரணிலும் கார் டிக்கியிலும் வைக்கவே கூடாது. சூட்டில் கால் வளையும், குதிரை ஒரு பக்கம் சாயும். வெள்ளைக் குதிரை மஞ்சளாவது இந்தப் பிளாஸ்டிக்கின் சுபாவம். சிகரெட் புகை பட்ட வீட்டிலிருந்து வந்தவை இன்னும் மோசம். ஜன்னலில் குளிர்கால வெயில் படும்படி சில வாரம் வைத்தால் கொஞ்சம் வெளுக்கும். பொறுமை வேண்டும், கோடையில் செய்யக் கூடாது. இன்னொன்று, குதிரையிடம் வினிகர் வாடை அடித்தால் தனியாகப் பிரித்து வையுங்கள். அசிடேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும், அதாவது வினிகரேதான். பழைய சினிமா ஃபிலிம் சுருள்களைத் தின்பதும் இதே வியாதி. 1980களின் பிற்பகுதியில் வந்த சில குதிரைகள் இதனால் சுருங்கி, மேலே பிசுபிசுவென்று கசியும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வைத்தால் இன்னும் விரைவாகக் கெடும். திறந்த அலமாரியே மேல்.

எங்கே தேடுவது? கராஜ் சேல், சர்ச் விற்பனை, பண்ணை வீட்டு ஏலம். டெக்சாஸில் இவற்றுக்கு என்ன குறை? ஒற்றைக் குதிரையைவிட 'ஒரு பெட்டி குதிரை, மொத்த விலை' என்று வருவதைப் பாருங்கள். விற்பவர் ஆண் குதிரையைப் பார்த்து விலை சொல்வார், அடியில் கிடக்கும் குட்டியைக் கவனிக்க மாட்டார். பெட்டியில் காது உடைந்தது, கால் உடைந்தது இருந்தால் அதற்கும் ஆள் உண்டு. உடைந்த குதிரையை 'பாடி' என்று வாங்கி, மறுபடி வடித்து, வேறு சாயம் பூசுகிறவர்கள் தனிக் கூட்டம். ஆண்டுதோறும் ஜூலையில் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில், ஹார்ஸ் பார்க்கில் ப்ரெயர்ஃபெஸ்ட் என்ற ப்ரெயர் திருவிழா நடக்கும், 1990-இலிருந்து. அங்கே மட்டும் கிடைக்கும் 'ஸ்பெஷல் ரன்', அதாவது குறைந்த எண்ணிக்கையில் செய்த குதிரைகளுக்காக ஜனம் வரிசையில் நிற்கும். எனக்கு அதில் நாட்டம் குறைவு, வேண்டுமென்றே குறைவாகச் செய்த பொருளை அரிது என்று சொல்வதில் என்ன சுவை? ஆனால் சுற்றியுள்ள ஹோட்டல்களில் நடப்பது வேறு திருவிழா. சேகரிப்பாளர்கள் அறைக் கதவைத் திறந்து வைத்து, கட்டிலில் விரிப்புப் போட்டு, அதன் மேல் குதிரைகளை நிறுத்தி விற்பார்கள். படுக்கையறை படுக்கையறையாக ஏறி இறங்கிப் பேரம் பேசலாம். பதினொரு வயதுக் குழந்தைக்கு அது சொர்க்கம்.

வாங்கும் முறைக்கு என் யோசனை: ஆண் குதிரையை மட்டும் எல்லா நிறத்திலும் துரத்தாதீர்கள். பாலோமினோ பெண்ணும் குட்டியும் முதலில். ஒரு குடும்பம் முழுதாக நின்றால்தான் இந்த மோல்டின் அழகு தெரியும், மூன்றும் மலிவு. அடுத்து மேட் பே குடும்பம். பிறகு வெள்ளை. சார்கோல் வரும்போது வாங்குங்கள், தேடிப் போகாதீர்கள். வுட்கிரெய்ன் பிறந்தநாளுக்கு. ஒரு நோட்டில் எண், பூச்சு, முத்திரை, எங்கே வாங்கியது, என்ன விலை, எங்கே கீறல் என்று மகளையே எழுதச் சொல்லுங்கள். நான் எழுதாமல் விட்டு, ஒரே குதிரையை இரண்டு முறை வாங்கியிருக்கிறேன்.

அவள் அதை வைத்து விளையாட வேண்டும் என்றால் விளையாடட்டும். கீழே விழுந்தால் காதும் வாலும்தான் முதலில் போகும், கம்பளம் விரித்த அறையாக இருந்தால் நல்லது. விளையாட ஒரு மேட் பாலோமினோ, அலமாரிக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொண்டாலும் பெரிய செலவு இல்லை.

ஒரு சுயநலமும் உண்டு. அப்பலூசா குடும்பத்தில் என்னிடம் 37-உம் 38-உம் இருக்கின்றன. 39, அந்தப் புள்ளிக் குட்டி ஸ்பாட், பதினான்கு வருஷமாகச் சிக்கவில்லை. கண்ணில் பட்ட இரண்டில் ஒன்றுக்குக் காது இல்லை, இன்னொன்றை எனக்கு முன்னால் நின்ற பாட்டி எடுத்துக்கொண்டார். டெக்சாஸில் ஏதாவது பெட்டியின் அடியில் வெள்ளை முகத்தோடு ஒரு சாம்பல் குட்டி தென்பட்டால், உங்கள் மகளுக்கு ஒன்று எடுத்த பிறகு, எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.